ஒரே நாளில் பஞ்சு துவராடை ஆகும் கதை

வங்கதேசத்தின் சிட்டகாங் மலைப்பகுதியில் சக்மா என்ற பௌத்தப் பழங்குடிப் பெண்கள் செய்யும் ‘கடின சீவர தானம்’ என்ற, துறவிகளுக்கு ஆடை கொடுக்கும் சடங்கைப் பற்றி நம்மூரில் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். துறவிகளின் மழைக்கால வாசம் முடிந்த அடுத்த மாதத்தில், ரங்கமாட்டி ராஜ்பன விகாரையில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து, பஞ்சில் கொட்டை எடுத்து, நூல் நூற்று, சாயம் தோய்த்து, உலர்த்தி, பாவு (தறியின் நீளவாட்டு நூல்) போட்டு, இடுப்புத் தறியில் நெய்து, தைத்து, துறவிகளுக்கான துவராடையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எல்லாம் 24 மணி நேரத்துக்குள்!

இடுப்புத் தறியில் பாவின் ஒரு முனை கம்பத்தில் கட்டியிருக்கும், மறுமுனை நெய்பவளின் முதுகைச் சுற்றிய பட்டையில். அவள் பின்னால் சாய்ந்தால் நூல் விறைக்கும், முன்னால் வந்தால் தளரும். அதாவது தறியில் பாதி அவள் உடம்புதான். ராத்திரி முழுக்க அப்படி உட்கார்ந்தால் இடுப்பு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

புத்தர் காலத்தில் அவருடைய பக்தை விசாகை தொடங்கி வைத்த வழக்கம் என்கிறார்கள். எனக்கு ஞாபகம் வருவது கௌதமிதான். புத்தரை வளர்த்த சித்தி, தானே நூற்று, தானே நெய்த ஆடைகளை அவரிடம் கொண்டுபோய் நீட்ட, அவர் சங்கத்துக்கு, அதாவது துறவிகள் கூட்டத்துக்கு, கொடுக்கச் சொல்லிவிட்டார். மூன்று தடவை கேட்டும் அதே பதில் என்கிறது பாலி சூத்திரம். சங்கத்துக்குக் கொடுத்தால் புண்ணியம் அதிகம் என்ற விளக்கமெல்லாம் இருக்கிறது, சரி. ஆனாலும் பிள்ளைக்கென்று நெய்ததைப் பிள்ளை வாங்கிக்கொண்டிருக்கலாமே. அதே கௌதமி துறவு கேட்டு நின்றபோதும் முதலில் மூன்று தடவை மறுப்புதான்.