காலை உதறாத மின்னல்

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு குதிரை லாயத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அங்கே மின்னல் என்றொரு பெட்டைக் குதிரை இருந்தது. கிண்டியில் பந்தயம் ஓடி, பிறகு பிள்ளைகளுக்குச் சவாரி பழக்கிய குதிரை. நான் சேர்ந்தபோது அதற்கு 24 வயது.

ஆடி மாதம் பகலெல்லாம் வெயில் காயும், மாலையில் மழை கொட்டும். லாயம் முழுக்க ஈ. மற்ற குதிரைகள் வாலைச் சுழற்றும், தோலைச் சிலிர்க்கும், ஓயாமல் காலை உதைக்கும். மின்னல் மட்டும் அசையாமல் நிற்கும். நல்ல பொறுமைசாலி என்று நினைத்திருந்தேன்.

"தம்பி, அது பொறுமை இல்ல. ஒரு காலைத் தூக்கினா இன்னொரு கால் தாங்காது" என்றார் மூத்த குதிரைக்காரர். குனிந்து பார்த்தேன். முன்னங்கால்களில் முழங்காலுக்குக் கீழே பொட்டுப் பொட்டாக ரத்தம். கடித்திருந்த ஈ பார்க்க வீட்டு ஈ மாதிரியேதான் இருக்கும். ஆனால் ஊசி போன்ற வாய் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ரத்தம் குடிக்கும் ஈ. பெரும்பாலும் காலில்தான் கடிக்கும். மூட்டு தேய்ந்த குதிரைக்கு அதை விரட்ட வழியே இல்லை. இத்தனை நாள் இதைக் கவனிக்காமல் இருந்தது இன்றும் எனக்கு வலிக்கிறது.

லத்தியைத் தினம் இரண்டு வேளை அள்ளினோம். அது மட்டும் போதவில்லை. மின்னலுக்குப் பல் தேய்ந்துவிட்டதால் புல்லைப் பாதி மென்று கவளமாகத் துப்பிவிடும். அது மூத்திரத்தில் ஊறி மூலையில் அழுகும். கடி ஈ முட்டையிட அதைவிடத் தோதான இடம் கிடையாது. அதன் கொட்டடியிலேயே ஈயை வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்! அன்றிலிருந்து புல்லைப் பொடியாக நறுக்கி நனைத்து, வேகவைத்த கொள்ளைத் தவிட்டோடு பிசைந்து கொடுத்தோம். தொட்டியடியை வேளாவேளைக்குக் கழுவினோம். முதல் வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஏற்கெனவே கூட்டுப்புழுவாக இருந்தவை வெளிவந்துகொண்டேதான் இருக்கும். அதில் சோர்ந்துவிடக் கூடாது.

பெரிய மின்விசிறி ஒன்று வைத்தோம். காற்றடிக்கும் இடத்தில் ஈயால் நிலைத்து உட்கார முடியாது. கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்ததால் வலை முகமூடி போட்டு, மாலையில் கழற்றி, கொதித்து ஆறிய நீரில் கண்ணுக்கு ஒரு துணியாகத் துடைத்தேன். மூட்டு வலிக்குக் கால்நடை மருத்துவர் மருந்து கொடுத்தார்.

இதையெல்லாம்விட அதற்குச் சுகம் தந்தது பக்கத்தில் விட்ட ஒரு மட்டக்குதிரைதான். புளியமர நிழலில் இரண்டும் தலைமாறி நிற்கும். அதன் அடர்ந்த வால் மின்னலின் முகத்தை வருடிக்கொண்டே இருக்க, மின்னல் கீழுதடு தொங்க அரைக்கண் மூடியிருக்கும். அந்த மாதம் எல்லாக் குதிரைகளுக்கும் வால்நுனி கத்தரிக்க ஆள் வந்தார். மட்டக்குதிரையை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.