அணியே ஊர் மாறிய கதை

அன்றைய கிழக்கு ஜெர்மனியின் கால்பந்தில் ஆட்டக்காரரை அல்ல, அணியையே இடம் மாற்றினார்கள். 1953 சாம்பியன் டைனமோ டிரெஸ்டன். அடுத்த ஆண்டே, சீசன் நடுவில், முக்கிய வீரர்கள் மொத்தமாகப் பெர்லினுக்கு. தலைநகருக்கு ஒரு வலுவான அணி வேண்டுமாம்! டிரெஸ்டனில் மிஞ்சியவர்கள் கீழ்நிலை லீக்குகளில் உருண்டார்கள். அதே 1954இல் லாவுட்டர் என்ற சிற்றூரின் அணி வடக்கே கடலோர ரோஸ்டாக்குக்குப் போனது. இன்றைய ஹன்சா ரோஸ்டாக்கின் வேர் அதுதான்.

பெர்லினுக்குப் போன அணியின் வழிவந்த பெர்லின் டைனமோ 1979 முதல் 1988 வரை தொடர்ந்து 10 லீக் பட்டம். ரகசியப் போலீஸ் அமைச்சர் எரிக் மீல்கே அதன் புரவலர். நடுவர்கள் தயவால்தான் அது வென்றது என்பார்கள்; எல்லாமே நடுவர் தயவு என்பது மிகை. நாடெங்கிலுமிருந்து இளம் திறமைகளை அள்ளும் சலுகையும் அதற்கு இருந்தது. ஆனாலும் ஐரோப்பிய அளவிலான கோப்பை ஒன்றை வென்ற ஒரே கிழக்கு ஜெர்மன் அணி மாக்டபர்க்தான்: 1974, ரோட்டர்டாம், மிலானை 2-0. மாக்டபர்க் பயிற்சியாளர் ஹைன்ஸ் க்ரூகலை இரண்டே ஆண்டில் நீக்கினார்கள்.