டோஃபல் எழுதப் போகிறவர்கள் கவனத்துக்கு

அக்கா மகள், வெளிநாட்டுப் படிப்புக்காக எழுதும் ஆங்கிலத் தேர்வான டோஃபலுக்குப் படிக்கிறாள். நேற்று அவள் மேசையில் கிடந்த புத்தகத்தைப் புரட்டினேன். சீனியர் ஒருவர் கொடுத்தது, 2019 பதிப்பு. 3 மணி நேரத் தேர்வு, 30 நிமிடக் கட்டுரை என்று இருந்தது. மனசு கேட்கவில்லை, உட்கார வைத்துப் பேசினேன்.

அந்தக் கட்டுரை 2023 ஜூலையிலேயே போய்விட்டது. வகுப்பு விவாதம் ஒன்றைப் படித்து 10 நிமிடத்தில் நம் கருத்தை எழுதும் கேள்வி வந்தது. தேர்வும் 2 மணி நேரத்துக்குள் சுருங்கியது.

2026 ஜனவரி 21 முதல் நடந்திருப்பது இன்னும் பெரிய மாற்றம். வாசிப்பிலும் கேட்டலிலும் முதல் பகுதியை எப்படிச் செய்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் அடுத்த பகுதி எளிதாகவோ கடினமாகவோ வரும். அதனால் ஆரம்பத்தில் பதற்றப்பட்டு அவசரப்படவே கூடாது. எழுத்தில் மின்னஞ்சல் எழுதச் சொல்கிறார்கள். பேச்சில், காதில் விழுந்த வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு இதற்குத்தான் நிறையப் பயிற்சி வேண்டும், தினமும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

மதிப்பெண்ணும் இப்போது 1 முதல் 6 வரை. 2 வருடங்களுக்குப் 120க்கு இத்தனை என்ற பழைய கணக்கையும் சேர்த்தே தருகிறார்கள், பயப்பட வேண்டாம்.

பழைய புத்தகத்தை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து தேர்வை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனத்தின் தளத்தில் இருக்கும் இலவச மாதிரித் தேர்வை ஒருமுறை எழுதிப் பாருங்கள். இவள் இன்று காலை எழுத உட்கார்ந்துவிட்டாள்.