மாடில்லாத வீட்டுக்கு 500 சதுர அடி புல்

பாளையங்கோட்டையில் வீடு கட்டி முடித்தபோது முன்பக்கம் 30க்கு 20 அடி வெறும் தரையாகக் கிடந்தது. அதில் புல்தரை போடப் போகிறேன் என்றதும் ஆச்சி கேட்டாள்: "ஏலே, மாடும் இல்லை, கன்றும் இல்லை. காசு கொடுத்தா புல் வாங்குவாய்?"

கடையில் 'புல் கார்பெட்' என்று கேட்டால் பச்சைப் பிளாஸ்டிக் சுருளை எடுத்து விரித்தார்கள். மண்ணோடு பத்தை பத்தையாக வெட்டி எடுத்த உயிர்ப்புல் வேண்டும் என்று விளக்கி, கடைசியில் ஒரு செடிப்பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தேன். "600 சதுர அடி" என்றேன். பண்ணைக்காரர் அதைக் காதிலேயே வாங்காமல், "வெயில் எவ்வளவு நேரம் விழும்?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வாசலில் உட்கார்ந்து நிழல் நகர்வதைப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் 10க்கு 8 அடிக்கு வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, 80 கழிந்தது. நடைபாதைக்கு 60. மீதி 460. ஓரத்தில் வெட்டி வீணாவதற்குக் கொஞ்சம் கூட்டி 500 என்று சொன்னேன். கொரியன் புல் மெதுவாக வளரும், அடிக்கடி வெட்ட வேண்டாம். பெர்முடா மிதி தாங்கும். ஆனால் அது நம் அருகம்புல் சாதி. பிள்ளையாருக்குச் சும்மா பறித்துப் போடுவதை விலைக்கு வாங்க மனம் வரவில்லை.

ஆடிக் காற்று ஓய்ந்து, ஐப்பசி மழைக்கு முன் போட்டுவிட வேண்டும் என்று புரட்டாசியில் தேதி கொடுத்தேன். தரையைத் தயார் செய்ய இரண்டு நாள் போதும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். மண்வெட்டி போட்ட இடமெல்லாம் செங்கல் துண்டு, சிமெண்ட் கட்டி. அதற்கும் கீழே கோரைக்கிழங்கு! பத்தமடையில் பாயாகிற கோரை வேறு. இது ஒரு கிழங்கை விட்டுவைத்தால் பத்தாக முளைப்பது. அரை அடி ஆழம் கிளறிப் பொறுக்கி, செம்மண்ணும் மட்கிய சாணமும் கலந்து, தெருப்பக்கம் லேசாகச் சரித்து நிரவுவதற்குள் இரண்டு முறை தேதியைத் தள்ளிவைத்தேன். கூலி புல்லின் விலையைத் தாண்டிவிட்டது.

விடியற்காலை வர வேண்டிய வண்டி பிற்பகல் மூன்று மணிக்கு வந்தது. அடுக்கின் நடுவில் கையை விட்டால் சூடு. வெட்டிய புல் ஒரு நாளுக்குள் மண்ணைத் தொட்டுவிட வேண்டும். நானும் அத்தானும் விளக்கைப் போட்டுக்கொண்டு, கொத்தனார் செங்கல் வைப்பதுபோல் மூட்டு மாற்றி மாற்றிப் பதித்து, மிதித்து, அடிமண் நனையும்வரை தண்ணீர் விட்டு முடிக்க இரவு பத்தரை ஆயிற்று.

இருபதாம் நாள் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். வரவில்லை, வேர் பிடித்திருந்தது.

மிச்சமான பத்தைகளைப் பண்ணைக்காரர் பேச்சைக் கேட்காமல் வேப்பமரத்தடியில் பதித்தேன். ஒரு மாதத்தில் கருகிப்போயின. அந்த இடத்தில் இப்போது ஆச்சியின் நாற்காலி கிடக்கிறது.