பன்னிரண்டு கீ, ஒரு குமிழ்

ஜனவரி 4, 2025, சனி

நிரல் எழுதும்போது அடிக்கடி செய்யும் வேலைகளை ஒரே அழுத்தில் முடிக்க, பன்னிரண்டு கீயும் ஒரு குமிழும் உள்ள சின்னக் கீபோர்டுப் பெட்டி ஒன்று செய்கிறேன். சென்னை ரிச்சி தெருவில் அதற்கு மூளையாக ராஸ்பெரி பை பிக்கோ என்ற சின்னக் கணினிப் போர்டு ஒன்றும், திருகுகிற குமிழுக்கு ரோட்டரி என்கோடர் ஒன்றும் வாங்கியாயிற்று. சுவிட்சுகள் முன்பே கூரியரில் வந்துவிட்டன. டயோடு வேண்டாமா என்று கடைக்காரர் விடாமல் கேட்டார். கேட்டதில் நியாயம் உண்டு. கீக்களை வரிசையும் பத்தியுமாகப் பின்னினால், சில கீக்களைச் சேர்த்து அழுத்தும்போது மின்சாரம் பக்கவழியில் ஓடி, தொடாத கீயும் அழுத்தியதாகக் காட்டும். அதைத் தடுக்கத்தான், மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு. ஆனால் பிக்கோவில் வயர் இணைக்கும் 26 பின்கள் கைக்கு எட்டும்படி இருக்கின்றன. 12 கீக்கும் ஆளுக்கொரு பின், குமிழுக்கு இரண்டு, அப்புறமும் மிச்சம். சுவிட்சின் ஒரு கால் பின்னுக்கு, மறு கால் கிரவுண்டுக்கு. வயரிங் அவ்வளவுதான்.

சாலிடர் வேலை முடிய நள்ளிரவு ஆகிவிட்டது. போர்டில் இருக்கும் பூட்செல் பொத்தானை அழுத்தியபடி யூஎஸ்பியில் செருகினால், பிக்கோ ஒரு பென்டிரைவ் போல வந்து நிற்கும். க்யூஎம்கே என்ற கீபோர்டு ஃபர்ம்வேரின் (போர்டுக்குள் ஓடும் மென்பொருள்) கோப்பை அதில் இழுத்துப் போட்டதும் தானே அணைந்து, கீபோர்டாகத் திரும்பி வருகிறது.

ஜனவரி 6, திங்கள்

இந்தப் பெட்டியை வைத்திருப்பவர்கள் முதலில் செய்வது, அடிக்கடி எழுதும் கோடு (நிரல்) துண்டுகளை ஆளுக்கொரு கீயில் ஏற்றுவது. நானும் பைத்தான் மொழியில் பிழையைச் சமாளிக்கும் ‘ட்ரை - எக்செப்ட்’ நான்கு வரிகளை ஏற்றிப் பார்த்தேன். வெறும் நோட்பேடில் அழகாக வந்தது. விஎஸ் கோடு என்ற நிரல் எடிட்டரில் படிக்கட்டாக வந்தது! எடிட்டர் ஒவ்வொரு வரிக்கும் தானாக இடம் விடுகிறது. பெட்டியும் தன் பங்குக்கு ஸ்பேஸ் அடிக்கிறது. இரண்டும் கூடி வரிக்கு வரி வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகிறது. பெட்டிக்குத் தான் எங்கே எழுதுகிறோம் என்பது தெரியாது. எடிட்டருக்குத் தெரியும். அதற்குள்ளேயே இப்படித் துண்டுகளைச் சேமித்து வைக்கும் ஸ்னிப்பெட் வசதி இருக்கும்போது இதை எதற்குப் பெட்டியில் திணிக்க வேண்டும்?

ஜனவரி 8, புதன்

இன்னொரு வேடிக்கை, தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு மட்டும் வாய்ப்பது. கிட் (நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கட்டளைகளை ஒரு கீயில் வைத்திருந்தேன். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அதை அழுத்த, டெர்மினலில் ‘எனே’ என்று வந்து விழுந்தது. கீபோர்டு கணினிக்கு அனுப்புவது எழுத்தை இல்லை, கீயின் எண்ணை மட்டும்தான். அதை எந்த எழுத்தாக்குவது என்று முடிவு செய்வது கணினி. ஆங்கில ‘ஜி’ இருக்கும் இடம் தமிழ்99இல் எ, ‘ஐ’ இருக்கும் இடம் ன, ‘டி’ இருக்கும் இடம் ஏ. னவும் ஏயும் சேர்ந்து னே. இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை.

ஆக, எழுத்தை அனுப்பும் மேக்ரோ (ஒரே அழுத்தில் ஓடும் கீக்களின் தொடர்) எதுவும் எனக்கு ஒத்துவராது.

ஜனவரி 11, சனி

வழி கிடைத்துவிட்டது. நம் கீபோர்டில் எஃப்12 வரைதான் இருக்கும்; ஆனால் யூஎஸ்பி கீபோர்டுகளுக்கான தரத்தில் எஃப்24 வரை எண்கள் உண்டு. ஐபிஎம்மின் பழைய 122 கீ டெர்மினல் கீபோர்டுகளில் 24 எஃப் கீக்களும் நிஜமாகவே இரண்டு வரிசையாக இருந்தன. எஃப்13 முதல் எஃப்24 வரை எண்ணினால் சரியாகப் பன்னிரண்டு. என் பெட்டிக்கென்றே விட்டுவைத்தது மாதிரி.

இப்போது பெட்டி எதையும் ‘எழுதுவது’ இல்லை. எஃப்13 என்று மட்டும் சொல்லும். அதற்கு என்ன பொருள் என்பதை விஎஸ் கோடின் கீபைண்டிங் கோப்பு முடிவு செய்யும். அதில் ஒவ்வொரு கீக்கும் நிபந்தனை வைக்கலாம். பைத்தான் கோப்பில் இருந்தால் எஃப்13 டெஸ்டை ஓட்டும், மார்க்டவுனில் இருந்தால் பிரிவ்யூ திறக்கும். தமிழ்99 ஓடினாலும் கவலையில்லை. வேறொரு வேலை வேண்டுமென்றால் ஃபர்ம்வேரைத் திரும்ப ஏற்ற வேண்டாம், கோப்பில் ஒரு வரி மாற்றினால் போதும்.

லினக்ஸில் ஒரு குறும்பு: எஃப்20ஐ அது மைக் மியூட் என்றும், எஃப்21ஐ டச்பேட் ஆன்-ஆஃப் என்றும் எடுத்துக்கொள்கிறது. டச்பேடை மாற்றிவிட்டேன். மைக்கை அப்படியே விட்டுவிட்டேன். காலை மீட்டிங்கில் குக்கர் விசில் கேட்காமல் இருக்க அது ரொம்ப வசதி.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். லேப்டாப்பைத் திறக்கவில்லை.

ஜனவரி 20, திங்கள்

இன்று வந்த வேலை: நாற்பது சொச்சம் பெயர்கள், வரிக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் மேற்கோள் குறிக்குள் போட்டுப் பின்னால் காற்புள்ளி வைக்க வேண்டும். பெட்டியைத் தொடவே இல்லை. விம் எடிட்டரில் ‘க்யூ’, ‘ஏ’ அடித்து, இனி அடிக்கும் கீக்களை ‘ஏ’ என்ற பெயரில் பதிவு செய்யத் தொடங்கினேன். பெரிய ‘ஐ’ வரித் தொடக்கத்துக்குப் போகும். அங்கே ஒரு மேற்கோள், எஸ்கேப். பெரிய ‘ஏ’ வரி முடிவுக்குப் போகும். அங்கே மேற்கோளும் காற்புள்ளியும், எஸ்கேப். ‘ஜே’ அடித்து அடுத்த வரி. மறுபடி ‘க்யூ’, பதிவு முடிந்தது. அப்புறம் 99, அட் குறி, ‘ஏ’: அந்தப் பதிவை 99 முறை ஓட்டு. அந்தக் கோப்பில் வேறெதுவும் இல்லாததால் எண்ணிக்கை கூடுதலாக இருந்தாலும் கெடுதல் இல்லை. கடைசி வரியில் ‘ஜே’ கீழே போக முடியாமல் தோற்றதும் மேக்ரோ தானே நின்றுவிடும்.

இன்றைக்கு மட்டும் வரும் வேலைக்குப் பதிவு மேக்ரோதான் சரி. தினமும் வரும் வேலைக்குக் கீ. 1976இல் ஈமாக்ஸ் எடிட்டர் பிறந்ததே டெக்கோ என்ற எடிட்டருக்கு எழுதிய மேக்ரோக்களின் தொகுப்பாகத்தான். விஎஸ் கோடிலோ, இத்தனை புகழுக்குப் பிறகும், பதிவு மேக்ரோவுக்கு எக்ஸ்டென்ஷன் தேட வேண்டியிருக்கிறது.

ஜனவரி 23, வியாழன்

பக்கத்து சீட் தம்பிக்குப் பெட்டி ரொம்பப் பிடித்துவிட்டது. “அண்ணா, என் பாஸ்வேர்டையும் ஒரு கீயில போட்டுத் தரீங்களா?” கூடவே கூடாது என்றேன். ஃபர்ம்வேருக்குள் அது பூட்டில்லாத வெறும் எழுத்தாகக் கிடக்கும். அதைவிட, நீ டீ குடிக்கப் போன நேரத்தில் யார் வேண்டுமானாலும் வந்து அழுத்தலாம். வேண்டுமானால் திரையைப் பூட்டும் கட்டளையை ஒரு கீயில் வை என்றேன். முகம் வாடிவிட்டது.

ஜனவரி 29, புதன்

குமிழை டீபக்கருக்கு (நிரலை வரிவரியாக ஓட்டிப் பிழை தேடும் கருவி) வைத்துப் பார்த்தேன்: வலப்பக்கம் ஒரு ‘டிக்’ திருகினால் ஒரு வரி ஓடும், அதாவது எஃப்10. விரலுக்கு இதமாக இருக்கிறது, ஆனால் ஆபத்து. ஒரு வரி மெதுவாக ஓடினால் கை சும்மா இருக்காது, இன்னும் இரண்டு ‘டிக்’ திருகிவிடும். அவை வரிசையில் காத்திருந்து, பார்க்க வேண்டிய வரியைத் தாண்டிக்கொண்டு போய்விடும். ஓடிய வரியைப் பின்னோக்கி ஓட்ட முடியாது, முதலில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

எஃப்10 வழக்கமான கீபோர்டிலேயே இருக்கட்டும். குமிழில் இப்போது எஃப்8, அடுத்த பிழைக்குத் தாவுவது. இடப்பக்கம் ஷிஃப்டோடு எஃப்8, முந்தைய பிழை. இதில் எவ்வளவு வேகமாகத் திருகினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, எதிர்ப்பக்கம் திருகினால் சரியாகிவிடும்.