பதினைந்து நிமிட வெளிச்சம்

அக்டோபர் 3

அமாவாசை நேற்றோடு போயிற்று. இரவுப் பயிற்சிக்கு இன்று பறக்கவில்லை. நிறப்பார்வைச் சோதனை ரிசல்ட்டும் வரவில்லை.

அக்டோபர் 5

பௌர்ணமியை ஒட்டி வானம் தெளிந்தால் ரன்வே விளக்கில்லாமல் இறக்கிப் பார்க்கலாம் என்று பயிற்சியாளர் சார் சொல்லிவிட்டார். அதற்கு முன்னோட்டமாக இன்று விமானத்தின் லேண்டிங் லைட்டை மட்டும் அணைத்துப் பழகினோம்.

லைட் இருந்தால் ரன்வேயில் டயர் தேய்ந்த கறுப்புத் தடங்கள் தெளிவாகத் தெரியும்போது மூக்கைத் தூக்கலாம். அது இல்லாதபோது, ரன்வேயின் அந்தக் கோடியில் இருக்கும் விளக்குகள் மூக்குக்கு மேலே எழும்புவதுபோல் தோன்றும் கணம்தான் அடையாளம். பிறகு கொஞ்சம் த்ராட்டிலை, அதாவது எஞ்சின் விசையை, விட்டுவைத்து, மூக்கை லேசாகத் தூக்கிப் பிடித்து, அதுவாக இறங்கட்டும் என்று காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் ஆகவில்லை. தரை எங்கே எங்கே என்று கை தானாக முன்னால் தள்ளுகிறது.

"தேடாதீங்க. தரை எங்கயும் போயிடாது" என்றார் சார்.

அக்டோபர் 6

சிவப்பு டார்ச் வாங்கி, அறையை இருட்டாக்கி வரைபடத்தை விரித்தேன். சிவப்புக் கோடுகள் மொத்தமாகக் காணோம். வயிற்றைப் பிசைந்தது. தங்கையைக் கூப்பிட்டு, "இங்க கோடு ஏதாவது தெரியுதா?" என்றேன். அவளுக்கும் தெரியவில்லை. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மை யாருக்கும் தெரியாதுதான். படித்ததுதான். இருந்தாலும் அவள் வாயால் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

நிறச் சோதனையில் புள்ளிகளாலான எண்களைக் காட்டியவர் பக்கத்தை அவ்வளவு வேகமாகத் திருப்பியிருக்க வேண்டாம்.

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும்; போனை ஒருமுறை பார்த்தால் போச்சு. அந்த மங்கலில் பார்க்கும் செல்களுக்கு நிறமே தெரியாது. அப்படியானால் இரவில் பறக்க நிறம் எதற்கு என்று எனக்கு ஆதரவாக நானே வாதாடிப் பார்த்தேன். நிற்கவில்லை. ரேடியோ செத்துவிட்டால் கண்ட்ரோல் டவர் என்னோடு பேசுவது விளக்கால்தான். பச்சை நிலையாக எரிந்தால் இறங்கு. சிவப்பு நிலையாக எரிந்தால் மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்று. விமானிக்கு நிறம் தெரிய வேண்டும் என்ற விதி சரியான விதிதான், அதுதான் எரிச்சல்.

அக்டோபர் 8

டவர் இல்லாத சிறு தளங்கள் பலவற்றில் ரன்வே விளக்கை விமானிதான் எரியவைக்க வேண்டும். 5 வினாடிக்குள் ரேடியோவின் மைக் பட்டனை 7 முறை அழுத்தினால் முழு வெளிச்சம், 5 முறைக்கு நடுத்தரம், 3 முறைக்கு மங்கல். கடைசியாக அழுத்தியதிலிருந்து 15 நிமிடம் எரியும். அப்புறம் தானாக அணையும். தரைக்கு அருகே வரும்போது அது முடிந்தால்?

இன்னொன்று. மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் போய், பேட்டரியும் தீர்ந்தால் ரேடியோ இல்லை. ரேடியோ இல்லையென்றால் ரன்வே விளக்கும் இல்லை. செஸ்னா 172 விமானத்தில், இறங்கும்போது வேகம் குறைக்க இறக்கையில் விரியும் ஃப்ளாப்பும் மின்சாரத்தில்தான் இறங்கும். எஞ்சினுக்கு மட்டும் தீப்பொறி தரும் மேக்னீட்டோ தனி. அது ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் பலரும் பையில் கை ரேடியோ வைத்திருக்கிறார்கள், அதிலிருந்தும் விளக்கை எரியவைக்கலாம்.

அக்டோபர் 9

மழை.

அக்டோபர் 11

தூக்கமில்லை. லைசாண்டர் விமானங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சின் வயல்களில் பிரிட்டன் விமானப்படையின் 161-ஆம் பிரிவு இறங்கியது, தலைகீழ் L வடிவில் வைத்த மூன்று டார்ச்சுகளை நம்பி. நீளவாக்கில் 150 கஜம், குறுக்கே 50 கஜம். அவ்வளவுதான் அடையாளம். அவர்களும் நிலாவைக் கணக்குப் பார்த்துத்தான் கிளம்பினார்கள்.

2019-இல் அலாஸ்காவின் இகியூகிக். எழுபது பேர் போல இருக்கும் ஊர். நோயாளிக் குழந்தையை ஏற்ற வந்த விமானம் ரன்வே விளக்கு எரியாமல் மேலே சுற்றியது. ஊரே வண்டிகளை ஓட்டி வந்து ஹெட்லைட்டுகளை வரிசையாகப் போட்டு இறக்கிவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது. இன்றும்.

அக்டோபர் 14

விளக்கு இருந்தாலும் ஏமாற்றும். சுற்றிலும் கும்மிருட்டு, நடுவே ரன்வே விளக்கு மட்டும் என்றால் மிக உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். இறக்கிக்கொண்டே போய் ரன்வேக்கு முன்பே தரையில் மோதுவார்கள். 1960-களின் கடைசியில் போயிங்கின் கான்ராட் கிராஃப்ட் அனுபவமுள்ள விமானிகளையே சிமுலேட்டரில் வைத்துச் சோதித்தார். பெரும்பாலோர் தாழப் பறந்தார்கள். எனவே கண்ணை நம்பாதே, எண்ணை நம்பு: ரன்வேயிலிருந்து ஒரு கடல் மைலுக்கு 300 அடி உயரம். இரண்டுக்கு 600. மூன்றுக்கு 900. குளிக்கும்போதும் இதே ஜபம்.

அக்டோபர் 15

"பகல்ல ஓட்டினா போதாதாடா?" என்றார் அம்மா. பதில் சொல்லவில்லை.

அக்டோபர் 16

நடந்தது.

இருட்டுவதற்கு முன் ரன்வே முழுவதும் ஜீப்பில் போய் வந்தோம், நாய், மாடு, கல் எதுவும் இல்லை என்று உறுதிசெய்ய. மேலே போய்ச் சுற்றினோம். 15 நிமிடம் முடிந்தது. கீழே இருந்த வரிசை சட்டென்று இல்லாமல் போனது. சார் கட்டைவிரலை மைக் பட்டன் மேலேயே வைத்திருந்தார்.

நிலா வெளிச்சத்தில் கான்கிரீட் சாம்பலாகக் கிடந்தது. நேராகப் பார்த்தால் கரைகிறது, கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் வருகிறது. 600. 300. லேண்டிங் லைட் தரையைப் பிடித்தபோது ரன்வேயின் நடுக்கோடு இடப்பக்கம் கிடந்தது. "மேல போ" என்றார். போனேன். அடுத்த சுற்றில் கோடு நடுவே வந்தது, பிறகு டயர் தடங்கள். தூக்கிப் பிடித்தேன். தரையைத் தேடவில்லை. சக்கரம் தொட்டது, கொஞ்சம் பலமாகவே.

சார் மைக்கை அழுத்தினார். இரண்டு பக்கமும் விளக்கு வந்தது. ஓரத்தில் வெள்ளை, பின்னால் திரும்பிப் பார்த்தால் சிவப்பு. சிவப்புதான். சாரிடம் கேட்கவில்லை.

அக்டோபர் 17

போன் வந்தது. இன்னொரு சோதனையாம், இந்த முறை லாந்தர். சிவப்பு, பச்சை, வெள்ளை காட்டிக் கேட்பார்கள். நாளை 11 மணி. மதிய ஸ்லாட்டை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லி சாருக்குச் செய்தி போட வேண்டும்.