வர இயலாதோர் பட்டியல்

போன பொங்கலுக்கு விழுப்புரம் போயிருந்தபோது பெரியப்பாவோடு மறுபடியும் அதே சண்டை. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம், டிவியை அலற விட்டுத்தான் பார்ப்பார், ஆனால் எமர்ஜென்சி (1975இன் நெருக்கடி நிலை) என்ற சொல்லை மட்டும் அடுத்த அறையில் முணுமுணுத்தாலும் கேட்டுவிடும். "அந்த ரெண்டு வருஷம் மாதிரி இந்த நாடு ஒழுங்கா இருந்ததே இல்லடா" என்று ஆரம்பித்துவிடுவார். அப்போது அவர் சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க். ஒன்பதே முக்காலுக்கு எல்லாரும் சீட்டில் இருந்தார்களாம், ரயில் நேரத்துக்கு வந்ததாம், பதுக்கல்காரன் பயந்தானாம். சரி, ஒரு அரசாங்கம் அத்துமீறினால் மக்கள் எதிர்க்க வேண்டாமா என்று கேட்டேன். "எதை எதிர்க்கிறது? எங்களை யாரும் ஒண்ணும் பண்ணலையே" என்றார்.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் இந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் சிக்கல். அவரை நிஜமாகவே யாரும் ஒன்றும் செய்யவில்லை.

அரசை எதிர்ப்பது பற்றி நாம் பேசும்போதெல்லாம், கொடுங்கோல் ஆட்சி தண்டோரா போட்டுக்கொண்டு வரும், நாமும் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொள்வோம் என்கிற மாதிரியே பேசுகிறோம். 1975இல் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஜூன் 12 அன்று அலகாபாத் உயர்நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலை அறிவிப்பில் கையெழுத்துப் போட்டார். அமைச்சரவைக்கே மறுநாள் காலையில் கூப்பிட்டுத்தான் சொன்னார்கள். அதற்குள் டெல்லியில் பத்திரிகை அச்சகங்கள் இருந்த சாலையில் கரண்ட் போயிருந்தது, எதிர்க்கட்சித் தலைவர்கள் ஜெயிலில் இருந்தார்கள். இவ்வளவும் அரசியல் சாசனத்தின் 352ஆவது பிரிவின் கீழ் நடந்தது. பின்னாடியே நாடாளுமன்றமும் ஒப்புதல் கொடுத்தது, பிரதமர் தேர்தலைக் கோர்ட் விசாரிக்கவே முடியாது என்று ஒரு திருத்தமும் வந்தது. சட்டப்படி என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் இருக்க முடியாது. அப்புறம் ஒரு வேடிக்கை: நம் பள்ளிப் புத்தகங்களில் 'அடிப்படைக் கடமைகள்' என்று பத்து கடமைகளை மனப்பாடம் செய்தோமே, அவை சாசனத்துக்குள் வந்ததும் இதே காலத்தில்தான், 1976இன் 42ஆவது திருத்தத்தில். உரிமைகளை நிறுத்தி வைத்திருந்த நேரத்தில் கடமைகளை எழுதிக் கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது ஏழு மாதம் தள்ளித்தான் வந்து சேர்ந்தது. ஆட்சியில் இருந்த திமுக நெருக்கடி நிலையை எதிர்த்துத் தீர்மானம் போட்டது, வடக்கே தேடப்பட்ட சிலருக்கு இந்த ஊர் ஒதுங்க இடமாகவும் இருந்தது. 1976 ஜனவரி 31 அன்று ஆட்சியைக் கலைத்தார்கள். அன்று இரவிலிருந்தே மிசா கைதுகள், அதாவது விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கிற சட்டம். மிசா ஒரு ஆங்கிலச் சட்டப் பெயரின் சுருக்கம் என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இருக்கவில்லை, 'மிசாவில் போனவர்' என்றால் டீக்கடையில் எல்லாருக்கும் புரியும். (பீகாரில் லாலு பிரசாத் தன் மகளுக்கே மிசா என்று பெயர் வைத்தார்.)

யார் யாரைப் பிடித்தார்கள் என்று பத்திரிகையில் போட முடியாது, தணிக்கை. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்று திமுக நாளேடான முரசொலியில் ஒரு பட்டியல் வந்தது. அண்ணா சதுக்கத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதோர் என்று தலைப்பு, கீழே மாவட்ட வாரியாகப் பெயர்கள். அவ்வளவுதான். கைது என்ற சொல் இல்லை, சிறை என்ற சொல் இல்லை, அரசைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நினைவு நாளுக்கு ஏன் இத்தனை பேர், அதுவும் கட்சிக்காக உயிரை விடுகிற ஆட்கள், ஒரே சமயத்தில் வர இயலாமல் போனார்கள் என்று படிக்கிறவன் தானே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு அந்தக் கட்சியோடு இன்றைக்கு ஆயிரம் மனஸ்தாபம் உண்டு, அவர்கள் ஆட்சியிலும் விமர்சனம் பிடிக்காமல் போன தருணங்கள் உண்டு, அதையெல்லாம் இன்னொரு நாள் எழுதுகிறேன். ஆனால் நெருக்கடி நிலைக்கு வந்த எதிர்ப்புகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது இந்தப் பட்டியல்தான். பம்பாயில் ஒரு ஆங்கிலப் பத்திரிகையின் மரண அறிவிப்புப் பகுதியில் யாரோ ஒருவர் காசு கட்டி, ஜனநாயகம் என்பவர் ஜூன் 26 அன்று காலமானார் என்று கொடுத்ததும் நல்ல குறும்புதான். ஆனால் அது படித்தவர்களுக்கான சிலேடை. இது பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு தெரு இருக்கிறது, அந்தத் தெருவுக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்தப் பட்டியல் வருவதற்கு முந்தைய நாள், பிப்ரவரி 2, சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகளை அடித்து நொறுக்கினார்கள். சென்னையின் முன்னாள் மேயர், நாடாளுமன்ற உறுப்பினர் சிட்டிபாபுவும் அதில் மாட்டினார், ஒரு வருடத்துக்குள் இறந்துபோனார். பிற்பாடு நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்து, அடி நடந்தது உண்மை என்று அறிக்கை கொடுத்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து டெல்லியில் நடந்ததைப் படியுங்கள்.

மிசாவில் பிடித்தவர்கள், ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனு போடலாமா என்பது வழக்கு. ஒன்பது உயர்நீதிமன்றங்கள் போடலாம் என்று சொல்லியிருந்தன. உச்சநீதிமன்றத்தில் நீதிபதி கன்னா, அரசுத் தலைமை வழக்கறிஞரிடம் ஒரு கேள்வி கேட்டார்: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட கோர்ட்டுக்குப் போக முடியாதா? நெருக்கடி நிலை இருக்கும்வரை முடியாது என்று பதில் வந்தது. ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டார்கள். அந்த நால்வரில் ஒருவரான நீதிபதி பெக், கைதிகளுக்கு நல்ல இடம், நல்ல சாப்பாடு, அரசு அவர்களைக் கவனித்துக்கொள்வது கிட்டத்தட்ட ஒரு தாயின் பரிவு மாதிரி இருக்கிறது என்று தீர்ப்பிலேயே எழுதினார். தாயின் பரிவு! கன்னா ஒருவர்தான் மாறுபட்டு எழுதினார். எழுதும்போதே தலைமை நீதிபதி பதவி போய்விடும் என்று அவருக்குத் தெரியும், தன் சகோதரியிடம் சொல்லியும் இருக்கிறார். அப்படியே 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி பெக்கைத் தலைமை நீதிபதியாக்கினார்கள், கன்னா ராஜினாமா செய்தார். அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்சநீதிமன்றம் வெளிப்படையாகச் சொல்ல 2017 ஆனது. அதை எழுதிய சந்திரசூட், அந்த நால்வரில் ஒருவராக இருந்த சந்திரசூட்டின் மகன்.

அந்தச் சண்டையிலேயே பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "அப்ப ஏன்டா தமிழ்நாடு அந்த அம்மாவுக்கே ஓட்டுப் போட்டுச்சு?" என்றார்.

நியாயமான கேள்வி, எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. 1977 மார்ச் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தில் 85 தொகுதிகள், பீகாரில் 54, இரண்டிலும் காங்கிரசுக்குப் பூஜ்யம். இந்திரா காந்தியே ரேபரேலியில் தோற்றார். இங்கே எம்ஜிஆர் கட்சியும் சேர்ந்த அவர் கூட்டணிக்கு 39இல் 34. கேரளத்தில் இருபதுக்கு இருபது. வடக்கத்தியர்கள் ஜனநாயகத்தை நேசிப்பவர்கள், நாம் அடிமைகள் என்று இதற்கு அர்த்தமா என்றால், இல்லை என்றே நினைக்கிறேன். அங்கே கட்டாயக் கருத்தடை வீட்டு வாசல்வரை வந்தது. ஆள் பிடித்துக் கொடுக்காத ஆசிரியருக்குச் சம்பளத்தை நிறுத்தினார்கள், ஒரே வருடத்தில் நாடு முழுக்க 80 லட்சம் பேருக்கு மேல் அறுவை சிகிச்சை. ஆட்சி அவர்கள் உடம்பில் கை வைத்தது, அவர்கள் திருப்பி அடித்தார்கள். இங்கே பெரும்பாலானவர்கள் உடம்பில் வைக்கவில்லை. வைத்த இடத்தில் நடந்தது வெளியே தெரியவில்லை.

கேரளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனை 1976 மார்ச் 1 அதிகாலையில் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. கக்கயம் முகாமில் சித்திரவதை. அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. அப்பா ஈச்சர வாரியர் ஒரு வருடம் அதிகாரிகள் வீட்டு வாசலிலும் அமைச்சர்கள் வீட்டு வாசலிலும் நின்றார். கோர்ட் கதவும் திறந்து, பத்திரிகையும் எழுதலாம் என்று ஆன பிறகுதான் அவரால் மனுப் போட முடிந்தது. அதற்குள் கேரளம் ஓட்டுப் போட்டு முடித்திருந்தது. விஷயம் வெளியே வந்ததும், முதலமைச்சராகி ஒரு மாதத்திலேயே கருணாகரன் ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று. அதே மக்கள்தான், அதே மாநிலம்தான். நடுவில் மாறியது அவர்களுக்குத் தெரிந்த விஷயம் மட்டும்.

அதனால்தான், எதிர்க்க வேண்டுமா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பட்டியல். சோஷலிஸ்ட் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் குழு டைனமைட் சேகரித்தார்கள் என்று பரோடா வழக்கு நடந்தது. விலங்கோடு கையைத் தூக்கிய அந்தப் போட்டோ பார்க்க அட்டகாசமாக இருக்கும், அவர் ஜெயிலில் இருந்தபடியே முசாபர்பூரில் ஜெயிக்கவும் செய்தார். ஆனால் தண்டவாளத்துக்கு வெடி வைத்தால், அதை மறுநாள் தணிக்கை செய்யாமல் போடச் சொல்வது அரசாங்கமாகத்தான் இருக்கும், என் பெரியப்பா மாதிரி ஆயிரம் பேர் பார்த்தியா பார்த்தியா என்பார்கள். எதிர்ப்பு இயக்கத் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் டெல்லி ராம்லீலா மைதானத்தில், சட்டவிரோத உத்தரவுக்குக் கீழ்ப்படியாதீர்கள் என்று போலீசுக்கும் ராணுவத்துக்கும் சொன்னதையே எத்தனை நாள் காட்டிக் காட்டிப் பேசினார்கள். அவர் சொன்னது சரிதான் என்பது என் எண்ணம். சட்டவிரோத உத்தரவு என்று யார் முடிவு செய்வது என்ற கேள்வி இருக்கிறதே, அதற்கு மட்டும் என்னிடம் சுத்தமான பதில் இல்லை. கன்னா மாதிரி, தன் நாற்காலியை விலையாக வைத்து மறுப்பவரை நான் நம்புவேன். அடுத்தவன் உயிரை விலையாக வைப்பவரை நம்பமாட்டேன். அளவுகோல் என்று என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

சண்டை ஓய்ந்து, எல்லாரும் தூங்கப் போன பிறகு பெரியப்பா வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். யாரும் கேட்காமலே சொன்னார். சைதாப்பேட்டையில் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தபோது பக்கத்துப் போர்ஷன்காரர் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர், கட்சிக்காரர். ஆட்சியைக் கலைத்த மறுநாள் விடியற்காலையில் ஜீப் வந்து கூட்டிப் போய்விட்டது. வீட்டில் மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். "சென்ட்ரல் கவர்ன்மென்ட் வேலைடா. அந்த வீட்டோட பேச்சு வச்சுக்காதேன்னு உங்க பெரியம்மாகிட்ட சொல்லிட்டேன்."

அவர் பெயர் அந்தப் பட்டியலில் இருந்ததா என்று கேட்டேன். தெரியாது என்றார், முரசொலி எல்லாம் அவர் வாங்கியதில்லை.

"அந்த வருஷம் முழுக்க மாசக் கடைசில அரிசி இடிக்கும். கணக்கா செலவு பண்ணத் தெரியலையேன்னு அவளை எத்தனை தடவை திட்டியிருப்பேன். அவர் விடுதலையாகி வந்து, வாசல்ல நின்னு, அக்காவாலதான் என் பிள்ளைங்க சாப்பிட்டுதுன்னு கும்பிட்டப்பதான் எனக்குத் தெரியும். பின்பக்கக் கதவு வழியா கொடுத்திருக்கா."

பெரியம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. கொஞ்ச நேரம் கழித்து, அந்தத் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"எம்ஜிஆர் நின்ன பக்கம்தான்."

"பெரியம்மா?"

"நானும் கேட்டேன். உலை கொதிக்குதுன்னு உள்ள போயிட்டா."